பழைய ஜப்பானிய கேம் இதழில் இருக்கும் குறிப்பு விளையாட்டில் நடக்கவே இல்லை. எதை நம்புவது?

கேட்டவர்:

வணக்கம். ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு (நின்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் இயந்திரத்தோடு இணைக்கும் டிஸ்க் கருவி) வந்த சாகச விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திருப்பி எழுத மனமில்லை. அதனால் அந்தக் காலத்து இதழ்களின் ஸ்கேன்களையே தேடிப் படிக்கிறேன். ஜப்பானிய மொழி ஓரளவு வாசிப்பேன், கான்ஜி (சீனத்திலிருந்து வந்த) எழுத்துகளுக்கு மட்டும் அகராதி பக்கத்தில் வேண்டும்.

சிக்கல் இதுதான். ஸ்குவேர் நிறுவனம் டாக் என்ற முத்திரையில் 1986 டிசம்பர் 15 அன்று வெளியிட்ட விளையாட்டு 'சுய்ஷோ நோ டிராகன்', அதாவது பளிங்கு டிராகன். 'ஃபேமிலி கம்ப்யூட்டர் மேகசின்' இதழின் ரகசிய உத்திகள் பகுதியில் இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. சிந்தியா என்ற பாத்திரத்தோடு ஸ்டோன்-பேப்பர்-சிசர் ஆடலாம், தோற்றவர் உடையைக் களைய வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கு யாக்யூகென் என்று பெயர். சொன்னபடியே செய்து பார்த்தேன். அப்படி ஒரு காட்சி வரவே இல்லை.

மூன்று சந்தேகங்கள் எனக்கு. என் வாசிப்பு தப்பா? எமுலேட்டர் (பழைய விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) கோளாறா? அல்லது டிஸ்க்கே வேறு பதிப்பா? அந்தக் காலத்தில் கடைகளில் 500 யென் கொடுத்தால் அதே டிஸ்க்கில் வேறு விளையாட்டைப் பதிந்து தருவார்களே, பின்னால் பதிந்தவற்றில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்களோ? தொடரில் "தணிக்கை செய்யப்பட்ட காட்சி" என்று ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். போடலாமா?

பதில் 1:

அந்தப் பத்தியைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வாசிப்பும் சரி, எமுலேட்டரும் சரி, டிஸ்க்கும் சரி. அந்தக் காட்சி விளையாட்டில் எப்போதுமே இருந்ததில்லை.

அது 'உசோ-தெக்கு', அதாவது பொய் உத்தி. ஃபாமிமாகா (அந்த இதழை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) உண்மையான உத்திகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு பொய்யைக் கலந்துவைக்கும். எது பொய் என்று வாசகர் கண்டுபிடிக்க வேண்டும், விடை பின்னால் வரும் இதழில். மற்ற இதழ்கள் தங்கள் உத்திகளைச் சொல்லாமல் எடுத்துப் போட்டால் அதுவும் சேர்ந்து போய் மாட்டிக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம் என்பார்கள். சிந்தியா விஷயம் அந்தப் பொய்களிலேயே மிகப் பிரபலமானது. படத்தை இதழ்க்காரர்களே தயாரித்தார்கள், அதுவும் விளையாட்டின் பாணியிலேயே. அன்றைக்கு எத்தனையோ பிள்ளைகள் அதை நம்பி முயன்று பார்த்திருக்கிறார்கள்.

கேட்டவர்:

நம்பவே முடியவில்லை! படத்தைப் பார்த்ததும் வேறு சாட்சி வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். என்னிடம் அந்த ஓர் இதழின் ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் விடை கண்ணில் படவில்லை. மிக்க நன்றி அண்ணா.

அப்படியானால் இன்னொரு குழப்பத்தையும் கேட்டுவிடுகிறேன். அட்டையில் பிப்ரவரி இதழ் என்றிருந்தால் செய்தியைப் பிப்ரவரி மாதத்தது என்று எழுதலாமா? சில இடங்களில், விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே வந்துவிட்டதைப் போல எழுதியிருக்கிறார்கள்.

பதில் 2:

எழுதக் கூடாது. நம்மூர் மாத இதழ்களிலும் உள்ள வழக்கம்தான், ஜப்பானில் இன்னும் கொஞ்சம் அதிகம். மாத இதழ் முந்தைய மாதமே கடைக்கு வந்துவிடும். 'பீப்' இதழின் முதல் எண் 1985 ஜனவரி இதழ், விற்பனைக்கு வந்தது 1984 டிசம்பரில். 'ஃபாமிகாம் சூஷின்' (இன்றைய ஃபாமிட்சு) முதல் இதழில் இருப்பது 1986 ஜூன் 20, கடைக்கு வந்தது ஜூன் 6. இதற்கும் முன்னால் எழுதவும் அச்சடிக்கவும் பிடித்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "வந்துவிட்டது" என்று எழுதியவர், வாசகர் கையில் இதழ் போய்ச் சேரும் நாளை மனதில் வைத்து எழுதியிருப்பார்.

நான் செய்வது இப்படி. கடைசிப் பக்கங்களில் 'ஒகுசுகே' என்று ஒரு கட்டம் இருக்கும், பதிப்பகம், பதிப்பாசிரியர், வெளியீட்டு நாள் எல்லாம் அங்கே. முதலில் அதைக் குறித்துக்கொள்வேன். அதிலும் வருடம் பெரும்பாலும் ஷோவா கணக்கில் (பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து எண்ணும் ஆண்டு) இருக்கும், 1925-ஐக் கூட்ட வேண்டும். ஷோவா 62 என்றால் 1987. 1989 ஜனவரி 7-ல் பேரரசர் மறைந்தார், மறுநாளே அடுத்த ஆட்சிக் காலமான ஹெய்செய் தொடங்கிவிடும், அதற்கு 1988-ஐக் கூட்ட வேண்டும். அந்த ஒரு வருடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

வெளியீட்டு அட்டவணையும் விளம்பரமும் காட்டுவது திட்டத்தை மட்டுமே. நாள் தள்ளிப்போகும், சில விளையாட்டுகள் வராமலே போகும். ஒரு விளையாட்டு வந்ததை இதழ் கொண்டு நிறுவ, குறைந்தது அடுத்த இரண்டு இதழ்களாவது தேவை. வாசகர் கடிதங்களில் யாராவது அதை முடித்துவிட்டதாக எழுதியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திரையில் உள்ள வருடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம்கோவின் 'ஸெவியஸ்' தலைப்புத் திரையில் 1982 என்றிருக்கும். ஆனால் ஆர்கேடுகளுக்கு (காசு போட்டு விளையாடும் கூடங்கள்) வந்தது 1983 ஜனவரி என்றே கணக்கு. திரையில் இருப்பது உரிமை வருடம்.

பதில் 3:

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் டிவி திரையை கேமராவால் நேரே படம் பிடித்துத்தான் அச்சுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இன்னும் முடியாத பதிப்பிலிருந்து எடுத்தவை. பக்கத்தில் பொடி எழுத்தில் 'காய்ஹாட்சுசூ' (தயாரிப்பில் உள்ளது) என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால், விற்பனைக்கு வந்த விளையாட்டில் இல்லாத ஓர் எதிரியோ வேறு மாதிரி ஓர் எண்பலகையோ தெரிவது சகஜம். உசோ-தெக்கு படத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உசோ-தெக்கு புனைந்தது. இது உண்மையில் இருந்து பிறகு மாறியது. வரலாறு எழுதுபவருக்கு இந்த இரண்டாவது வகைதான் புதையல். வேறு எங்கேயும் அதற்குத் தடயம் இருக்காது.

கேட்டவர்:

இரண்டையும் ஒரே பெட்டியில்தான் போட்டிருந்தேன். இன்றே பிரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்கேனை ஓசிஆரில் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) கொடுத்தால் பாதி எழுத்துகள் குப்பையாக வருகின்றன. கையாலேயே தட்டச்சு செய்வதுதான் வழியா?

பதில் 4:

முழுக்கக் கை வேலை தேவையில்லை. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2022-ல் என்டிஎல்ஓசிஆர் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மேலிருந்து கீழே ஓடும் வரிகளையும் அது படிக்கும். ஆனால் கேம் இதழ்களில் வண்ணப் படத்தின் மேலேயே எழுத்தை அச்சடிப்பார்கள், கான்ஜிக்குப் பக்கத்தில் அதன் உச்சரிப்பைக் காட்டும் பொடி எழுத்தான ஃபுரிகானா வேறு. அங்கே எந்த மென்பொருளும் தடுமாறும். சொந்தமாக ஸ்கேன் செய்கிறீர்கள் என்றால் 600 டிபிஐ வையுங்கள், பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. அச்சுப் புள்ளிகளால் அலை அலையாகக் கோடு விழும், அதைச் சரிசெய்வதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

ஆனால் ஒன்று, எழுத்தைத் தப்பாகப் படிப்பது கணினி மட்டும் இல்லை. 1986 முதல் 1999 வரை வந்த 'கேமெஸ்ட்' என்ற ஆர்கேடு இதழில் ஒரு புகழ்பெற்ற பிழை உண்டு. சேகாவின் 'ஸ்கட் ரேஸ்' கார்ப் பந்தயத்துக்கு எழுதிய குறிப்பில் "ஹண்டோரு ஓ மிகி நி", அதாவது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பு என்று எழுத்தாளர் கையால் எழுதிக் கொடுத்தார். அச்சில் வந்தது "இண்டோஜின் ஓ மிகி நி". இந்தியரை வலப்பக்கம்! இரண்டு சொற்களிலும் நடு எழுத்துகள் ஒன்றே. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஜப்பானில் இன்றும் விளையாட்டு ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தப் பின்னணி தெரியாமல் யாராவது மொழிபெயர்த்தால் அந்த விளையாட்டில் ஓர் இந்தியப் பாத்திரம் இருப்பதாகவே எழுதிவிடுவார். ஒரு வாக்கியம் பொருந்தாமல் நின்றால் அச்சுப் பிழையா என்றும் யோசியுங்கள்.

பதில் 5:

தம்பி, நான் தோக்கியோ பக்கம் இருக்கிறேன். அடுத்த இதழ் ஸ்கேனாகக் கிடைக்காவிட்டால் நாகாதாச்சோவில் இருக்கும் தேசிய நாடாளுமன்ற நூலகத்தில் பார்க்கலாம். 1948-லிருந்து வெளியீட்டாளர்கள் அங்கே பிரதி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். அலமாரிக்கு நாம் போக முடியாது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். போனில் படம் எடுக்க அனுமதி கிடையாது. முழு இதழையும் நகல் எடுக்க விடமாட்டார்கள், வேண்டிய பக்கங்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர்களே எடுத்துத் தருவார்கள்.

இதழோடு வந்த இணைப்புகளை மட்டும் அங்கே நம்பிப் போக வேண்டாம், பல நேரம் இருக்காது. பீப் இதழோடு விளையாட்டு இசை பதிந்த மெல்லிய பிளாஸ்டிக் ஒலித்தட்டுகள் வந்தன. அப்படிப்பட்டவை தனிச் சேகரிப்பாளர்களிடம்தான் பிழைத்திருக்கின்றன. ஹாச்சிமான்யாமாவில் ஓயா சோயிச்சி நூலகம் என்று பழைய இதழ்களுக்கென்றே ஒன்று 1971 முதல் இருக்கிறது. தோக்கியோ வந்தால் அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை நாகாதாச்சோ போகிறேன். இதழ் எண்ணை அனுப்பினால் அடுத்த இரண்டு இதழ்களையும் பார்க்கிறேன்.

கேட்டவர்:

அக்கா, எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். மிகப் பெரிய உதவி.

தணிக்கைப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உசோ-தெக்கைப் பற்றியே தனி அத்தியாயம் எழுதப் போகிறேன். விளையாட்டில் இல்லாத ஒரு காட்சியை இத்தனை வருடம் ஆட்கள் நினைவில் வைத்திருக்கிறார்களே, அதற்கு இரண்டு வரி போதாது.

விடை வந்த பக்கத்தோடு, முடிந்தால் வாசகர் கடிதப் பக்கத்தையும் நகல் எடுங்கள் அக்கா. நம்பி முயன்று பார்த்த பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று படிக்க வேண்டும்.