என்எம்இஏ 2000: தரநிலையைப் படிக்கவே ஆயிரக்கணக்கான டாலர் என்றால் சின்ன ஆள் எங்கே போவது?

உப்புக்காற்று:
படகு டீசல் இன்ஜினின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), குளிர்நீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம் மூன்றையும் எடுத்து என்எம்இஏ 2000 பஸ்ஸில், அதாவது படகின் கருவிகள் தங்களுக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் பொதுக் கம்பியில், விடும் ஒரு சின்னப் பெட்டி செய்திருக்கிறேன். பழைய இன்ஜின்களில் ஊசி மீட்டர்தான் இருக்கும், அந்த அளவுகள் சுக்கானுக்கு முன்னால் இருக்கும் திரையிலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சிப்புக்குள்ளேயே அந்த பஸ்ஸுக்கு அடிப்படையான கேன் முறையைக் கையாளும் கன்ட்ரோலர் இருக்கிறது, வெளியே ஒரு டிரான்ஸ்சீவர் சிப் வைத்தால் போதும். பொருள் செலவு ஒன்றுமே இல்லை.

விற்கலாம் என்று கணக்குப் போட்டபோதுதான் முட்டுச்சந்து தெரிந்தது. தரநிலையின் முழு ஆவணத்தை வாங்க ஆயிரக்கணக்கான டாலர், அதை வெளியிடும் என்எம்இஏ சங்கத்தில் உறுப்பினராக இல்லாவிட்டால் இன்னும் கூடுதல். அப்புறம் கருவி யாருடையது என்று பஸ்ஸில் காட்டும் உற்பத்தியாளர் எண், சோதனைக் கருவி, சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. வருடத்துக்கு ஐம்பது பெட்டி விற்றாலே பெரிது என்று நினைக்கிறவனுக்கு ஆவணத்தைத் திறந்து பார்ப்பதிலேயே லாபம் முழுக்கப் போய்விடும்.

ஆர்பிஎம் பிஜிஎன் (செய்தி வகை எண்) 127488-ல் போகிறது, அதில் ஓர் அலகு கால் சுற்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் தரநிலையைப் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பஸ்ஸில் ஓடும் பைட்டுகளை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து கேன்போட் என்ற திறந்த மூலத் திட்டத்துக்காரர்கள் தொகுத்து வைத்ததிலிருந்து எடுத்தேன். இந்தப் பூட்டு யாருக்குப் பாதுகாப்பு? பெரிய நிறுவனத்துக்கு இந்தச் செலவு உறைக்கவே உறைக்காது, என்னைப் போன்றவனைத்தான் வாசலிலேயே நிறுத்துகிறது.

நங்கூரம்:
படகுகளில் எலக்ட்ரானிக்ஸ் பொருத்தும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்தச் சான்றிதழால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு கேட்டமரான் (இரட்டை உடல் படகு), இரண்டு இன்ஜின். கடலில் ஓடும்போது ஆட்டோபைலட் திடீர் திடீரென்று திசைத் தரவு இல்லை என்று கத்தும், துறையில் கட்டிவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு நாள் ஒவ்வொரு டி-இணைப்பாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு கைவேலைப் பெட்டிகள், உங்களுடையது மாதிரியேதான். இன்ஜின் சாவியைத் திருப்பினால்தான் அவற்றுக்கு மின்சாரம் வரும். துறையில் நான் ஓட்டிப் பார்த்தது ஒரு இன்ஜினை மட்டும், அதனால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு கருவிக்கும் 64 பிட்டில் தனி அடையாளம் வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே முகவரியைக் கேட்டால் அந்த அடையாளத்தில் சிறிய எண் உள்ளது ஜெயிக்கும், மற்றது வேறு முகவரி தேடிப் போகும். இந்த இரண்டிலும் மாதிரி நிரலில் அந்த அடையாளத்துக்காக இருந்த தனி எண்ணை மாற்றாமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். அடையாளம் ஒன்றே என்பதால் எதுவும் விலகவில்லை, இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்து, ஒரே தலைப்பில் வெவ்வேறு தரவை அனுப்பி மோதிக்கொண்டிருந்தன. பிழைச் செய்திகள் குவிந்து திசைமானியின் தரவு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் கரையை ஒட்டி வரும்போது இது நடந்திருந்தால்?

பைட்டுக்காரன்:
நங்கூரம் அண்ணா, நீங்கள் சொன்ன சம்பவம் உப்புக்காற்றின் பக்கம்தான் பேசுகிறது என்று எனக்குப் படுகிறது. அந்தப் பெட்டியைச் செய்தவர் விதியைத் தெரிந்தே மீறவில்லை, விதி பூட்டிக் கிடந்தது, அவர் கண்ணில் படவே இல்லை. பாதுகாப்புக்கு முக்கியமான விதி என்றால் அதை முதலில் எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டாமா?

ஏஐஎஸ்ஸைப் பாருங்கள். கப்பலும் கப்பலும் மோதாமல் இருக்க உதவும் கருவி, இதைவிடப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்ன இருக்கிறது? அதன் செய்தி அமைப்பு முழுவதும் ஐடியூ-ஆர் எம்.1371 ஆவணத்தில் இருக்கிறது, ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மின்னணுக் கடல் வரைபடத்துக்கான எஸ்-57 தரநிலையும் அப்படித்தான். இந்த பஸ்ஸுக்கே அடித்தளமான கேன் 2.0-வை போஷ் நிறுவனம் 1991-ல் வெளியிட்டது, அந்த ஆவணமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதையெல்லாம் எல்லோரும் படிப்பதால் எந்தக் கப்பலும் மூழ்கவில்லை.

நங்கூரம்:
தம்பி, அந்த மாதிரி நிரலிலேயே 'இந்த எண் ஒவ்வொரு கருவிக்கும் வேறாக இருக்க வேண்டும்' என்று குறிப்பு எழுதியிருக்கிறது. காசில்லாமல் கண்முன் கிடந்ததையே படிக்காதவர், ஆவணத்தை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் படித்திருப்பாரா? படித்தாரா இல்லையா என்பதைச் சோதனை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

ஐடியூ ஐ.நா. அமைப்பு, அரசாங்கங்கள் பணம் கொடுக்கின்றன. என்எம்இஏ 1957-ல் மின்னணுக் கருவி வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய சங்கம். அவர்கள் ஆவணத்தை விற்காமல் எதை விற்பது?

ஊகித்து எழுதுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆழம் சொல்லும் பிஜிஎன் 128267-ல் ஆழத்தோடு ஒரு திருத்த எண்ணும் வரும். அது கூட்டல் குறியோடு வந்தால் சென்சாரிலிருந்து நீர்மட்டம் வரை, கழித்தல் குறியோடு வந்தால் சென்சாரிலிருந்து அடிக்கட்டை வரை. சென்சார் 1.5 மீட்டர் காட்டுகிறது, திருத்தம் கழித்தல் 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கட்டைக்குக் கீழே இருப்பது 0.9 மீட்டர். குறியைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் திரையில் 2.1 காட்டுவார். அதை நம்பி ஒருவர் பவளப்பாறைக்கு மேல் படகை விடுவார்.

உப்புக்காற்று:
ஐயா, இந்தக் குறி விஷயத்தை நானும் கேன்போட் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரோ சிலர் தங்கள் சொந்தப் படகில் கயிறு விட்டு அளந்து பார்த்தாவது உறுதி செய்துகொள்ள வேண்டிய நிலைமை எதற்கு? ஒரு வரி, அதை வெளியே சொல்லிவிட்டால் முடிந்தது. தரநிலைக் குழுக்களில் உட்காருபவர்கள் பெரும்பாலும் உறுப்பு நிறுவனங்களின் பொறியாளர்கள், அவர்களுக்குச் சம்பளம் அந்தந்த நிறுவனம் கொடுக்கிறது. சான்றிதழுக்குக் காசு வாங்கட்டும், சின்னம் போட்டுக்கொள்ளக் காசு வாங்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. படிப்பதற்கு வாங்குவதைத்தான் தப்பு என்கிறேன்.

சட்டக்கயிறு:
சட்டப்படி பார்த்தால் பைட்டுகளைக் கவனித்துப் பொருள் கண்டுபிடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. பதிப்புரிமை ஆவணத்தின் வாசகத்துக்கு, அது சொல்லும் தகவலுக்கு இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 52(1)(ஏபி) இருக்கிறது: சுயமாக எழுதிய நிரல் வேறு நிரல்களோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, முறையாக வாங்கி வைத்திருக்கும் நிரலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தால் கிடைப்பது 'எளிதாகக் கிடைப்பது' ஆகுமா என்று வாதாட இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது.

ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் வீசத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பொம்மைப் பாதுகாப்பு பற்றிய மூன்றும் நிக்கல் வெளியேற்றச் சோதனை பற்றிய ஒன்றுமாக நான்கு தரநிலைகளைப் பொதுமக்கள் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்றது. அவை ஒன்றியச் சட்டத்தின் பகுதி என்பதால் கிடைத்த தீர்ப்பு அது, என்எம்இஏவை நேரடியாகக் கட்டாது.

உப்புக்காற்று, நீங்கள் கவனிக்க வேண்டியது சின்னம். சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் அந்த லோகோவை ஒட்டாதீர்கள், 'சான்று பெற்றது' என்று தோன்றும்படி எதுவும் எழுதாதீர்கள்.

பைட்டுக்காரன்:
பஸ்ஸையே தொடாமல் சிக்னல் கே வழியாக வைஃபையில் அனுப்பலாமே? படகுத் தரவுக்கான திறந்த தரநிலை, ஜேசன் என்ற உரை வடிவம், யாரிடமும் எண் கேட்க வேண்டியதில்லை.

உப்புக்காற்று:
அதையும் சேர்த்திருக்கிறேன், ஆர்பிஎம்மை ஹெர்ட்ஸாக (நொடிக்கு எத்தனை சுற்று) மாற்றி அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதைப் பார்க்கப் படகில் ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினியாவது ஓட வேண்டும். என்னிடம் கேட்டு வந்த மூன்று பேரிடமும் இருப்பது கடையில் வாங்கிய பிளாட்டர் (கடல் வரைபடத் திரை) மட்டும், அதற்குப் புரிவது என்எம்இஏ 2000. மீன்பிடிக்கப் போகிறவர் இன்ஜின் சூடாவதைத் தெரிந்துகொள்ள லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது?

நங்கூரம்:
அது நியாயம். நான் பொருத்தும் படகில் சான்று இல்லாததை வைக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர் முதலில் என் பில்லைத்தான் எடுப்பார். ஆனால் ஆவணத்தைப் படிக்கக் காசு வாங்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மறுக்க என்னிடம் பதில் இல்லை.

என் பட்டறை மேசையில் ஒரு பஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், வெவ்வேறு கம்பெனிகளின் பழைய பிளாட்டர்கள் நான்கு, ஒரு ஆட்டோபைலட் கன்ட்ரோலர். பெட்டியை அனுப்புங்கள், ஒரு வாரம் போட்டுப் பார்க்கிறேன். ஒன்று போதாது, இரண்டு அனுப்புங்கள். தனி எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

உப்புக்காற்று:
ஒவ்வொரு சிப்பிலும் தயாரிப்பிலேயே பதிந்து வரும் தனி எண்ணான மேக் முகவரியிலிருந்து 21 பிட் எடுக்கிறேன் ஐயா. உற்பத்தியாளர் எண் மட்டும் இன்னும் மாதிரி நிரலில் வந்து கைவேலைக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் அந்த 2046-தான், அது என்னுடையது இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. திங்கள்கிழமை இரண்டையும் கூரியரில் போடுகிறேன்.