அம்மாவுக்கு டிக்கெட், கடைசிப் பெயர் கேட்கிறது, அவசரம்

தஞ்சைக்காரன்: டிக்கெட் போட உட்கார்ந்தால் கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் காட்டுகிறது. அம்மாவுக்கு ஒரே பெயர்தான். இனிஷியலைப் போட்டால் ஓர் எழுத்தை ஏற்க மாட்டேன் என்கிறது. பெயரையே இரண்டாக உடைத்துப் போடு என்கிறான் தம்பி. போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

கீழவீதி: எந்த நாடு? என்ன விசா? பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியா?

எண்ஜோதிடப்பிரியன்: பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பாருங்க, எண் மாறினால் தடை விலகும்.

கீழவீதி: அவர் கேட்பது விமான டிக்கெட்.

பழந்தின்னி: மாதம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கக் கூடாதா? பாஸ்போர்ட் எடுக்கும்போதே தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

மருதாணி: அன்றைக்கு அந்தம்மா உங்களிடம் யோசனை கேட்காமல் விட்டது தப்புதான் ஐயா.

கருப்புச்சட்டை: நமக்குக் குடும்பப்பெயர் இல்லாததே பெருமை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் தூக்கிப் போட்டோம், இனிஷியல் மட்டும் மிஞ்சியது.

பழந்தின்னி: பட்டம் போனது வேறு கதை. தகப்பன் பெயரை முன்னால் வைப்பது சங்க காலத்திலேயே உண்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று படித்ததில்லையா? ஊரை முன்னால் வைத்தால் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

மருதாணி: அது ஒரு தலைமுறையோடு நின்றுவிடுமே. தெலுங்குக்காரர்களின் இண்டிபேரும், அதாவது வீட்டுப் பெயரும், பெயருக்கு முன்னால்தான் வரும், ஆனால் தாத்தா, அப்பா, பேரன் எல்லாருக்கும் அதே பெயர். இரண்டையும் ஒன்றாக்காதீங்க.

தஞ்சைக்காரன்: மன்னிக்கணும், கடைக்குப் போயிருந்தேன். துபாய், தங்கச்சி வீட்டுக்கு, விசிட் விசா. குடும்பப்பெயர் இடம் காலி. பெயர் பிச்சையம்மாள். தம்பி சொல்வது பிச்சை, அப்புறம் அம்மாள்.

மருதாணி: எங்க அத்தை பெயரும் இதேதான்! முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம், அதனால் இவரைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமன் மதிக்காமல் விடட்டும் என்று பிச்சை என வைத்தார்களாம். குப்பம்மாள், குப்புசாமியும் அப்படி வந்ததுதான் என்பார்கள். அத்தைக்கு இப்போ எண்பது.

கீழவீதி: பெயரை உடைக்காதீங்க, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 2022 நவம்பர் 21 முதல் அமீரகத்தில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் போகிறவர்களை விடுவதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று திருத்தினார்கள். முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. இருந்தாலும் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் கேளுங்க, விசாவில் பெயர் எப்படி இருக்கிறதோ டிக்கெட்டிலும் அப்படியே இருக்கணும்.

எண்ஜோதிடப்பிரியன்: நவம்பர் 21ன் கூட்டு எண்ணைப் பாருங்க...

பழந்தின்னி: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மருதாணி: எங்கே சொன்னீங்க?

தஞ்சைக்காரன்: கடைசிப் பக்கத்தில் தாத்தா பெயர் இருக்கிறது. கேட்டேன், சரி என்றார்கள். டிக்கெட் போட்டாச்சு. நன்றி.

கீழவீதி: கடைசியில் அந்தக் கட்டத்தில் என்ன போட்டீங்க? அடுத்தவருக்கு உதவும்.

மருதாணி: தஞ்சைக்காரரே?