ஆறாம் வகுப்பு மகளுக்கு மீ.பெ.கா எப்போது, மீ.சி.ம எப்போது என்றே பிடிபடவில்லை

ராஜபாளையம்_தையல் கேட்டது:

வணக்கம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் ஆறாவது, ஆங்கில வழி. நான் பத்தாவது வரை தமிழ் வழி. அவள் எச்.சி.எஃப் என்பாள், நான் மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி) என்பேன். பாதி நேரம் இதிலேயே போய்விடும்.

போன வாரத் தேர்வில் வந்த ஒரு கணக்கு இது. 360 செ.மீ. நீளம், 280 செ.மீ. அகலம் உள்ள அறை. தரை முழுக்க ஒரே அளவுள்ள சதுர ஓடுகளை வெட்டாமல் பதிக்க வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை ஓடுகள் தேவை?

இவள் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அவள் சொல்லில் எல்.சி.எம்) கண்டுபிடித்து 2520 ஓடுகள் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். வகுத்தல் முறையில் ஒரு பிசகு கிடையாது, கோடு போட்டு அழகாகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் மார்க் பூஜ்யம். ஏன் மீ.சி.ம போட்டாய் என்று கேட்டால், "குறைந்தபட்சம்னு வந்திருக்கேம்மா. சின்னதுன்னு வந்தா எல்.சி.எம், பெருசுன்னு வந்தா எச்.சி.எஃப்" என்கிறாள். டியூஷனில் சொல்லிக் கொடுத்த சூத்திரமாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் கட்டம் கட்டி வைத்திருக்கிறாள்.

எனக்கு விடை தெரிகிறது. ஓட்டின் பக்கம் 40 செ.மீ. நீளவாக்கில் 9, அகலவாக்கில் 7, ஆக மொத்தம் 63. ஆனால் "இதுக்கு மீ.பெ.கா-தான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. துணியைப் பார்த்தாலே எத்தனை பிளவுஸ் வரும் என்று சொல்கிறவள்தான் நான். இதைச் சொல்ல வரவில்லை.

இன்னொன்று. 100 வரை பகா எண்களை (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்கள்) எழுதச் சொன்னால் 57, 91 இரண்டையும் சேர்த்துவிடுகிறாள். இதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ்_தூசி எழுதியது:

அம்மா, நான் 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்தச் சிவப்புக் கட்டத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். பத்துக் கணக்கில் ஏழுக்கு அது சரியாக வரும். அதனால்தான் ஆபத்து. உங்கள் ஓட்டுக் கணக்கில் ஓடுகளின் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் ஓடு பெரிதாக வேண்டும். கேள்வி கேட்பது சின்னதை, தேட வேண்டியது பெரியதை. சொல்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிற பிள்ளை சரியாக இங்கேதான் விழும்.

பெயரே கொஞ்சம் குழப்புகிற பெயர்தான். மீப்பெரு பொதுக் காரணி என்று கேட்டதும் பெரிய எண் வரப்போகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வருவதோ 40. மீச்சிறு பொது மடங்கு என்றால் 2520! பெயரின் முன்பாதியை மறந்துவிட்டு, காரணியா மடங்கா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காரணி, கொடுத்த எண்ணுக்குள் அடங்கும். மடங்கு, கொடுத்த எண்ணைத் தாண்டிப் போகும், குறைந்தது அதற்குச் சமமாகவாவது இருக்கும்.

ஆகவே பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: நான் தேடும் அளவு 360-க்கும் 280-க்கும் உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா? அறையைவிடப் பெரிய ஓடு உண்டா? 2520 செ.மீ. என்றால் 25 மீட்டர் 20 செ.மீ.! அந்த ஓட்டை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவது என்று அவளையே கேளுங்கள்.

வெளியே போகிற கணக்குக்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 12 வருடம், சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால், மறுபடி அதே இடத்தில் எப்போது சேரும்? 12, 24, 36, 48, 60. அந்தப் பக்கம் 30, 60. பிரபவ முதல் அட்சய வரை 60 வருடப் பெயர்கள் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் ஒரு மீ.சி.ம என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மறக்காது. (துல்லியமாகச் சொன்னால் 11.86, 29.5. ஆறாம் வகுப்பில் அதைக் கிளற வேண்டாம்.)

57-க்கு வருகிறேன். இலக்கங்களைக் கூட்டினால் 12, அது 3-ஆல் வகுபடும், எனவே 57-உம் வகுபடும். இதை விதியாக மட்டும் கொடுக்காதீர்கள். ஐந்து பத்து ரூபாய் நோட்டும் ஏழு ஒரு ரூபாய் நாணயமும் வையுங்கள். ஒவ்வொரு நோட்டிலும் 9 ரூபாயை மூன்று பேருக்கும் பங்கு போட்டுவிடலாம், மிச்சம் 1. ஐந்து நோட்டுக்கு மிச்சம் 5, கையில் இருப்பது 7. அந்த 12-ஐத்தானே இலக்கக் கூடுதல் என்கிறோம்!

91-க்கு இப்படிச் சுலப வழி இல்லை, அது எல்லோரையும் ஏமாற்றும். 7 × 13. வாய்ப்பாடு 10-உடன் நின்றுவிட்ட பிள்ளைக்கு 91 பகா எண்ணாகத்தான் தெரியும். 100 வரை உள்ள எந்த எண்ணையும் 2, 3, 5, 7 நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 10-க்குள் உள்ள பகா எண்கள் அவைதான், 10 × 10 நூறு அல்லவா. சரியாகச் செய்தால் 25 பகா எண்கள் கிடைக்கும். 27 வந்தால் 57-உம் 91-உம் உள்ளே புகுந்துவிட்டன என்று அர்த்தம்.

---

மார்க்_முக்கியம் எழுதியது:

ஆறாவதுக்கு இவ்வளவு தத்துவம் தேவையா சார்? 40 கணக்கு போடட்டும், தானாக வரும். என் பையன் அப்படித்தான் தேறினான்.

---

சாக்பீஸ்_தூசி எழுதியது:

போடட்டும், நல்லதுதான். ஆனால் 40 கணக்கில் 30-ஐ மீ.பெ.கா, மீ.சி.ம கண்டுபிடிக்காமலே, எது என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். வகுப்பது அவளுக்கு ஏற்கெனவே வருகிறது.

---

டைல்ஸ்_மதுரை எழுதியது:

கணக்கு வாத்தியார் முன்னால் பேசக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஓடு என் தொழில். 40 செ.மீ. என்பது நாங்கள் 16 இஞ்சு என்கிற சைஸ். இந்தக் கணக்கில் வருகிற மாதிரி வெட்டே இல்லாமல் முடிகிற அறையை இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. நாலு சுவரும் மூலைமட்டத்துக்கு நிற்கவே நிற்காது, அப்புறம் ஓட்டுக்கு நடுவில் ஸ்பேசர் இடைவெளி வேறு. அதை விடுங்கள்.

நீங்கள் தையல்காரர் என்கிறீர்கள், கத்தரி கையில் இருக்கும். நியூஸ் பேப்பரில் 36 செ.மீ.க்கு 28 செ.மீ. ஒரு துண்டு வெட்டுங்கள். அதுதான் அறை, பத்தில் ஒரு பங்கு அளவில். அதிலிருந்து எடுக்க முடிகிற பெரிய சதுரத்தை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். மிச்சத்திலும் அதேபோல, பேப்பர் தீரும் வரை. கடைசியாக வருகிற சதுரம்தான் உங்கள் ஓடு. என் மேஸ்திரி இப்படித்தான் எனக்குக் காட்டினார், அவர் பள்ளிக்கூடமே போனதில்லை.

---

சாக்பீஸ்_தூசி எழுதியது:

தம்பி, கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்னது பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் முறை. கி.மு. 300 வாக்கில் எழுதிய எலிமெண்ட்ஸ் நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போவது. உங்கள் மேஸ்திரிக்கு என் வணக்கம்.

---

யாழ்_கணிதம் எழுதியது:

இலங்கையில் எங்கள் பாடப் புத்தகத்தில் மீ.பெ.கா, மீ.சி.ம இரண்டையும் பொ.கா.பெ., பொ.ம.சி. என்போம். பொதுக் காரணிகளுட் பெரியது, பொது மடங்குகளுட் சிறியது. முதலில் காரணிகள் எல்லாவற்றையும் எழுது, அதற்குள் பெரியதை எடு என்று பெயரே வரிசையாகச் சொல்லிவிடும். மகளிடம் ஒரு தடவை இந்தப் பெயரில் சொல்லிப் பாருங்கள். பகா எண் எங்களுக்கு முதன்மை எண், அதில் மட்டும் உங்கள் சொல் எனக்குப் பிடிக்கும்.

---

ராஜபாளையம்_தையல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேப்பரை வெட்டினோம். முதலில் 28 சதுரம் ஒன்று. மிச்சம் 28-க்கு 8 பட்டை. அதில் 8 சதுரம் மூன்று. மிச்சம் 8-க்கு 4. அதில் 4 சதுரம் இரண்டு, பேப்பர் தீர்ந்தது. அவள் அந்தச் சின்னச் சதுரத்தை எடுத்து 8 சதுரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், நான்கு தடவை வந்தது. பிறகு 28 சதுரத்தின் ஓரமாக ஒவ்வொன்றாக வைத்து ஏழு என்று எண்ணினாள். "எல்லாத்துலயும் இது போகுதும்மா." எண்ணி முடித்ததும் தானாகவே 9 பெருக்கல் 7 என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சிவப்புக் கட்டத்தை இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் "உள்ளேயா வெளியேயா" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

இரவு, 36-க்கு 25 வெட்டினால் என்ன வரும் என்று அவளே ஆரம்பித்தாள். 25, பிறகு 11 இரண்டு, 3 மூன்று, 2 ஒன்று, கடைசியில் 1 செ.மீ. துணுக்கு இரண்டு. "இதுக்கு ஓடே கிடையாதா?" என்று கேட்டாள். 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இப்படிப்பட்ட எண்களுக்குப் பெயர் சார்பகா எண்கள் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அடுத்து 35-க்கு 24 வெட்டப் போனபோது நியூஸ் பேப்பர் தீர்ந்துபோய், ஒரு கஸ்டமருக்கு எடுத்து வைத்திருந்த பிளவுஸ் அளவுப் பேப்பரில் கை வைத்துவிட்டாள். கை அளவு போயேவிட்டது, முதுகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாளைக்கு அந்த அக்காவைக் கூப்பிட்டு மறுபடி அளவு எடுக்க வேண்டும்.