புதுப்பிப்பு: ஏலாவில் மண் அடித்த கதை

எங்கள் ஊர் ஏலாவில், அதாவது தாழ்வான நெல் வயல்வெளியில், லாரி லாரியாக மண் அடித்து மனைக்கல் நடுவதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா, கிராமசபையில் கேட்டேவிட்டேன். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடு கட்ட வேண்டும், இடம் வேண்டாமா என்கிறார்கள். சரி, ஆனால் அது குடிசையில் இருப்பவர் கான்கிரீட் வீடு கட்ட அரசு பணம் தரும் திட்டம், மனை வியாபாரிக்கு அதில் என்ன வேலை?

விளையில் (மேட்டு நிலத்தில்) வீடு, ஏலாவில் நெல் என்று பெரியவர்கள் சும்மாவா வைத்தார்கள்? 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கே போய் நின்றது என்று பார்த்தோமே.

அப்புறம், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றதும் ஒரே அமைதி. அங்கீகாரம் இல்லாமல் புதிதாகப் பிரித்த மனையைப் பத்திரம் பதிய முடியாது. முன்பணம் கொடுத்த அண்ணன்மார் முதலில் அதைக் கேளுங்கள். என் ஆட்சேபத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் வந்தேன்.