மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளியில் கணித அடைவு நிலையை எதைக் கொண்டு முடிவு செய்வது?

கேள்வி: செபராங் பிறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். இரண்டாம் ஆண்டில் நால்வர், மூன்றாம் ஆண்டில் ஐவர். ஒன்பது பேரும் ஒரே அறையில்தான் அமர்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டுவிட்டதால், இவர்களைப் பொறுத்தவரை வகுப்பறை மதிப்பீட்டில் நான் பதிவு செய்யும் அடைவு நிலைதான் எல்லாமாக இருக்கிறது.

ஆறு நிலைகளின் விளக்கத்தையும் பலமுறை படித்திருக்கிறேன். மூன்றாம் நிலை என்றால் கற்றதைக் கொண்டு கணக்கிடத் தெரிய வேண்டும்; நான்கில் எளிய பிரச்சனைக் கணக்குகளுக்கும், ஐந்தில் சிக்கலான கணக்குகளுக்கும் தீர்வு காண வேண்டும்; ஆறில் இதுவரை பார்த்திராத வகைக் கணக்கையும் சொந்தமாக அணுக வேண்டும். படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் வீடுவரை அறிந்திருக்கும் ஓர் ஆசிரியைக்கு வேறொரு கவலை உண்டு. முந்திக்கொண்டு கை தூக்கும் பிள்ளைக்கு ஐந்தும், வாய் திறவாத பிள்ளைக்கு மூன்றும் என் மனப்பதிவினாலேயே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது அல்லவா? பயிற்றி (பயிற்சித்தாள்) ஒன்றைத் தந்து, அதில் பெறும் மதிப்பெண்ணை அடைவு நிலையாக மாற்றிக்கொண்டால் பாரபட்சம் நீங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பெற்றோரும் "எத்தனை மார்க்கு?" என்றுதான் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கோலாலம்பூர்

வணக்கம் அம்மா. மதிப்பெண்ணை நிலையாக மாற்றுவது பாரபட்சத்தை நீக்குவது போலத் தோன்றும். ஆனால் எதை அளக்க வேண்டுமோ அது அங்கே விடுபட்டுவிடும். பத்துக் கழித்தல் கணக்குகளில் பத்தும் சரியாக இருந்தாலும், அந்தப் பிள்ளை நான்காம் நிலையில் இருக்கிறான் என்று அந்தத் தாள் சொல்லாது, ஏனென்றால் அதில் பிரச்சனைக் கணக்கே இல்லை. பயிற்றியைத் தயாரிக்கும்போதே எந்தக் கேள்வி எந்த நிலைக்குரியது என்று முடிவு செய்துவிட்டால், மொத்த மதிப்பெண்ணுக்கு அங்கே வேலையே இருக்காது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொல்லுங்கள், விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதுவாள், இன்னொருவன் 235 என்று எழுதுவான். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே குறிதான் விழும், ஆனால் இரண்டும் வெவ்வேறு நோய்கள். 375 எழுதியவள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். மேலே எது, கீழே எது என்பதே அவளுக்குப் பொருட்டில்லை. 235 எழுதியவனோ கடன் வாங்கத் தெரிந்தவன். பத்தின் இடத்தில் சுழியம் இருந்ததால் நூறைக் குலைத்துப் பத்துப் பத்தாக்கினான், ஆனால் அதிலிருந்து ஒரு பத்து ஒன்றின் இடத்துக்குப் போனபின் அங்கே ஒன்பதுதான் மிச்சம் என்பதை மறந்துவிட்டான். அவனுக்கு ஒரு நாள் போதும். அவளுக்கு இட மதிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்து, பத்துக் குச்சிகளுக்கு ஒரு ரப்பர் வளையம், பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய வளையம் என்று கட்டி, ஐந்து பெரிய கட்டுகளையும் மூன்று தனிக் குச்சிகளையும் அவள் முன் வையுங்கள். 278 குச்சிகளை எடுத்துத் தரச் சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். பெரிய கட்டின் வளையத்தைக் கழற்றி, அதிலுள்ள ஒரு சிறு கட்டையும் பிரித்தால்தான் எட்டுக் குச்சிகளைத் தனியாகத் தர முடியும் என்பதை அவள் கை கண்டுகொள்ளும். அந்த இடத்தில் "ஏன் பிரித்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் உங்களுக்குரிய சான்று. வாய் திறவாத பிள்ளையாக இருந்தால் செய்து காட்டட்டும், படமாக வரையட்டும். பேச்சுத்திறனையும் கணிதத்திறனையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எனக்கு இது எட்டாக்கனியாகவே இருந்தது. ஒன்பது பேரோடு இருக்கும் நீங்கள் அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் நிலைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1 சென் நாணயத்தை ஒதுக்கிவிட்டு, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை மிக அருகிலுள்ள 5 சென் மடங்குக்கு மாற்றியமைக்கும் முறை நம் நாட்டில் 2008 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. 1 ரிங்கிட் 99 சென் விலையுள்ள மூன்று அழிப்பான்களைத் தனித்தனியே வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 2 ரிங்கிட் வீதம் 6 ரிங்கிட் ஆகும். சேர்த்து வாங்கினால் 5 ரிங்கிட் 97 சென், அது 5 ரிங்கிட் 95 சென் ஆகிவிடும். "எப்படி வாங்குவது மலிவு?" என்று மட்டும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். சேர்த்து வாங்கினால் எப்போதுமே மலிவா என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டுவிட்டால் அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

பதில்: ஒரு தாய், செந்தூல்

டீச்சர், பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு சொல். என் மகளின் அறிக்கையில் கணிதத்துக்கு நேரே 3 என்ற எண் இருந்தது. ஆறுக்கு மூன்று என்றால் பாதி மதிப்பெண் என்று நினைத்து, அன்றே டியூஷனில் சேர்த்துவிட்டேன். அது குறைந்தபட்ச அடைவை எட்டிவிட்ட நிலை என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. நாங்கள் மார்க்கு கேட்பது வேறு எதுவும் கேட்கத் தெரியாததால்தான். "கூட்டலில் தடையில்லை, சுழியம் வரும் கழித்தலில் தடுமாறுகிறாள், வீட்டில் சில்லறைக் காசை எண்ண விடுங்கள்" என்று இரண்டு வரி எழுதித் தந்தால், எந்தப் பெற்றோரும் அதற்குப் பிறகு எண்ணைக் கேட்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன கழித்தல் கணக்கை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ஒரு பிள்ளையோடு நான் குச்சிகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும்போது, மற்ற எட்டுப் பேரும், அதிலும் வேறொரு பாடத்திட்டத்தில் இருக்கும் இரண்டாம் ஆண்டினரும், என்ன செய்வார்கள்?

பதில்: இணைந்த வகுப்பு ஆசிரியர், பினாங்குத் தீவு

அம்மா, இரண்டு பாடங்களை இரண்டு மூலைகளில் நடத்த முயன்றால் ஆசிரியர்தான் களைத்துப்போவார். நம் பாடத்திட்டமே இதற்கு வழிவிட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் எண்கள் 1,000 வரை, மூன்றாம் ஆண்டில் 10,000 வரை. தலைப்பு அதேதான், எண்ணின் அளவுதான் வேறு. ஆகவே இட மதிப்பை ஒன்பது பேருக்கும் ஒன்றாகத் தொடங்குங்கள், பிறகு எண்களை மட்டும் பிரித்துக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கட்டுப் பிரித்துக் காட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டாலே இருவருடைய நிலையும் தெரிந்துவிடும்.

ஒரே நாளில் ஒன்பது பேரையும் மதிப்பிட நினைக்க வேண்டாம். நான் நாளுக்கு இருவரை மட்டும் பார்க்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கொடுத்த கணக்கு, பிள்ளை சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்படியே எழுதிவைக்கிறேன். "நன்று", "கவனக்குறைவு" போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை, ஏனென்றால் உங்கள் மனப்பதிவு நுழையும் வாசல் அவைதான்.

விழுக்காடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 20 விழுக்காடு. அன்று ஒருவனுக்குக் காய்ச்சல் என்றாலும் பள்ளியின் அடைவு 100இலிருந்து 80க்கு இறங்கிவிடும், மறுமுறை ஏறிவிடும். கூட்டத்தில் அந்த விழுக்காட்டைக் காட்டி யாரேனும் கேட்டால், குறிப்பேட்டின் ஐந்து பக்கங்களை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சக கணித ஆசிரியர் இல்லாததுதான் நம்மைப் போன்ற பள்ளிகளின் உண்மையான குறை. பெயரை மறைத்துவிட்டு, உங்கள் மாணவர் மூவரின் கழித்தல் கணக்குகளை எனக்கு அனுப்புங்கள்; நானும் மூன்றை அனுப்புகிறேன். இருவரும் தனித்தனியே நிலையைக் குறித்துவிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் பேசுவோம். இந்த மாத இறுதிக்குள் முடித்துவிட்டால், அரையாண்டுப் பதிவுக்கு முன்பே திருத்திக்கொள்ள இருவருக்கும் நேரம் இருக்கும்.