கப்பலில் போய்க் கோட்டை பார்ப்பது காசுக்கு நட்டமா?

தெஹிவளை தங்கச்சி:
லண்டனில் இருக்கும் பெரியம்மா குடும்பம் அடுத்த வருடம் மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் பயணம் போகிறது. எங்களையும் வரச் சொல்கிறார்கள். ரோமுக்குக் கிட்டவுள்ள சிவிட்டவெக்கியா துறைமுகத்தில் ஏறி நேப்பிள்ஸ், மால்ட்டா, கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு என்று போகும் பாதை. அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு எங்கே போனாலும் கோட்டை பார்க்க வேண்டும். எங்கள் காலி நகரின் கோட்டை மதிலில் அவ நடக்காத பக்கமே இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் பெட்டி கட்டி, ஹோட்டல் மாறி, ரயில் ஏறி இறங்க இனி அவர்களால் ஏலாது. கப்பலில் அந்தத் தொல்லை இல்லையே. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. தம்பி மட்டும் "காசைக் கடலில் கொட்டுற வேலை" என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொச்சிக்கடையான்:
நான் உங்கள் தம்பி பக்கம். கப்பல் காலையில் கட்டும், பின்னேரம் கிளம்பும். இறங்க ஒரு வரிசை, பஸ்ஸுக்கு ஒரு வரிசை, திரும்பி ஏற இன்னொன்று. சிவிட்டவெக்கியாவில் இருந்து ரோம் ஏறக்குறைய 70 கிலோமீற்றர். ரோமில் சான்ட் ஆஞ்சலோ கோட்டை இருக்கிறது. ஹேட்ரியன் பேரரசரின் கல்லறையாகத் தொடங்கிப் பிறகு பாப்பரசர்களின் அரணாக மாறியது. அதன் உச்சி வரை ஆறுதலாக ஏறிப் பார்க்கவே அரைநாள் வேண்டும். கப்பல்காரருக்குக் கிடைப்பது பாலத்தில் நின்று ஒரு படம்.

விசாவையும் யோசியுங்கள். இத்தாலி, மால்ட்டா, கிரேக்கம் மூன்றும் ஷெங்கன், ஒரே விசாவில் போகும் நாடுகள். இடையில் கப்பல் துருக்கிப் பக்கம் ஒருநாள் போனால் வெளியேறித் திரும்ப நுழைந்த கணக்கு, பலமுறை நுழையும் விசா வேண்டும். லண்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெரியம்மாவுக்கு இந்தக் கவலை இல்லை. நாங்கள் வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி எல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்து விசா எடுப்பது ஓர் ஊரில் ஆறு மணித்தியாலம் நிற்கவா?

சனக் கூட்டமும் சும்மா இல்லை. குரோஷியாவில் மதில் சூழ்ந்த துப்ரோவ்னிக் நகரம் தாங்க முடியாமல் 2019இல் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

துறைமுகத்தான்:
ரோம் கணக்கில் உங்களோடு சண்டை இல்லை அண்ணை. ஆனால் கப்பலில் போகிறவர் ரோமை ஏன் துரத்த வேண்டும்? அவர் பார்க்க வேண்டியது துறைமுகக் கோட்டைகளை. கடல்வழியே வரும் எதிரியைத் தடுக்கக் கட்டியவை அவை; கடலைப் பார்த்துத்தான் நிற்கும். அவற்றுக்குச் சரியான வாசலே கப்பல்தான்.

சிவிட்டவெக்கியாவையே பாருங்கள். துறைமுகத்தில் மிக்கேலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை இருக்கிறது. 1508இல் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ், பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வேலை தொடங்கினார். ரோமுக்குப் பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டம் அதன் சுவரைக் கடந்துதான் போகிறது, ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நேப்பிள்ஸில் பஸ்ஸே தேவையில்லை. பயணிகள் முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே காஸ்தெல் நுவோவோ. 1279இல் கட்டத் தொடங்கியது. ஐந்து தடித்த வட்டக் கோபுரங்கள். அவற்றில் இரண்டுக்கு நடுவே, கறுத்த கல்லில் செருகி வைத்தாற்போல ஒரு வெள்ளைப் பளிங்கு வளைவு, அரகன் மன்னர் அல்போன்சோ நகருக்குள் நுழைந்த வெற்றிக்காக. அம்மாவுக்கு நான் காட்டச் சொல்வது அதுகூட இல்லை, அங்குள்ள பழைய வெண்கலக் கதவை. போர்க் காட்சிகள் செதுக்கிய கதவு. கீழே ஓரிடத்தில் பீரங்கிக் குண்டு ஒன்று துளைத்து, மறுபக்கம் போகாமல் அப்படியே சிக்கி நிற்கிறது. கதவைக் கொள்ளையடித்துக் கப்பலில் கொண்டுபோகும்போது கடற்சண்டையில் பட்ட குண்டு என்பார்கள். கதை எப்படியோ, குண்டு கண்முன்னே இருக்கிறது.

ரோட்ஸிலும் இறங்கி நடந்தாலே மதில் வாசல்.

கொச்சிக்கடையான்:
ரோட்ஸைச் சொன்னீர்கள், நல்லதாகப் போயிற்று. அங்கே எல்லோரும் ஓடிப்போய்ப் படம் எடுப்பது பெருந்தலைவர் மாளிகையை. அந்தப் பெருந்தலைவரின் கீழிருந்த கிறிஸ்தவப் போர்வீரர் சபையான புனித யோவான் வீரர்கள் 1309 தொடங்கி 1522 வரை அந்தத் தீவை ஆண்டது உண்மை. ஆனால் 1856இல் வெடிமருந்து வெடித்து அந்தப் பக்கம் சிதைந்துபோனது. இன்று நிற்கும் மாளிகையில் பெரும்பகுதி 1930களின் கடைசியில், தீவு இத்தாலியர் கையில் இருந்தபோது, எழுப்பியது. எது பழசு, எது புதுசு என்று நின்று பிரித்துப் பார்க்கவே நேரம் வேண்டும். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும் வழிகாட்டி அதையெல்லாம் சொல்வாரா?

அப்புறம், கோட்டைக்கு அழகு பின்னேரம். காலியில் பஸ்கள் எல்லாம் போன பிறகுதான் மதிலில் ஆறுதலாக நடக்க முடியும். கப்பல்காரர் அந்த நேரம் கப்பலில் இராச்சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்.

ஆனைக்கோட்டை அன்ரி:
இரண்டு பேரும் ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள் தம்பிமார். 2023 ஜூனில் சென்னையில் இருந்து உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியதே, நினைவிருக்கா? அப்போது கப்பல்காரர் பார்க்க வந்தது எங்கள் கோட்டைகளை.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்து 1624 அளவில் கட்டினார்கள். கோட்டை வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கி, கீழே தமிழ் எழுத்து இருக்கிறது. குளக்கோட்டன் மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் பிரிப்பார்கள் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. கோயிலை இடித்தவர்களின் வாசலிலேயே அந்தப் பாட்டு நிற்கிறது! கப்பலில் வந்தவர்கள் பஸ்ஸில் இருந்தபடி அதைக் கடந்து போயிருப்பார்கள் என்று கொச்சிக்கடைத் தம்பி சொல்லுவார். சரி. கொழும்பில் இருந்து வான் பிடித்துப் போகிற நாங்கள்? நேரே கோணேசர், தேங்காய், அர்ச்சனை, வழியில் மானோடு ஒரு படம், பிறகு நிலாவெளி. எத்தனை பேர் இறங்கி அந்தக் கல்லைப் பார்க்கிறோம்? பார்க்கத் தெரிந்தவர் கப்பலில் போனாலும் பார்ப்பார். அம்மா பார்ப்பா, கூட்டிக்கொண்டு போ மகள்.

கொச்சிக்கடையான்:
அன்ரி, திருகோணமலையைத் தவறவிட்டால் அடுத்த போயா விடுமுறைக்கு வானை எடுக்கலாம். ரோட்ஸைத் தவறவிட்டால் அடுத்த விசா யார் தருவது? அதனால்தான் தரைவழி என்கிறேன். ஜெர்மனியில் கோப்ளென்ஸ் தொடங்கி பிங்கன் வரை ரைன் ஆற்றோரம் 65 கிலோமீற்றருக்குள் நாற்பது கோட்டைகள் அளவில் இருக்கின்றன. 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கரையோடு ரயில் ஓடுகிறது. பிடித்த இடத்தில் இறங்கலாம். மார்க்ஸ்பேர்க் மலைக்கோட்டை அழியாமல் முழுசாக நிற்கிறது, வேண்டுமானால் ஒருநாள் முழுக்க அங்கேயே இருக்கலாம்.

துறைமுகத்தான்:
அண்ணை, எனக்கு வாதம் எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அதே ரைனில், கௌப் ஊருக்கு முன்னால், நடு ஆற்றில் ஒரு பாறைத் தீவின் மேல் பிஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டை நிற்கிறது. 1327 அளவில் கட்டத் தொடங்கினார்கள், எதற்கு? போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் பிடிக்க. ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி போட்டு மறிப்பார்கள். கட்டாதவன் காசு வரும்வரை உள்ளே இருக்க வேண்டியதுதான். படகுக்காரனை மிரட்டக் கட்டிய கோட்டையை ரயில் ஜன்னலால் பார்த்தால் அதன் குணம் எங்கே தெரியும்? படகில், அதன் அடியால் போக வேண்டும்.

கொச்சிக்கடையான்:
கௌப்பில் இருந்து சின்னப் படகு அந்தத் தீவுக்கே விடுகிறார்கள். அதற்கு மாடி மாடியாக நீச்சல் குளம் வைத்த கப்பல் தேவையில்லை.

தெஹிவளை தங்கச்சி:
சண்டை நல்லாப் போகுது. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் நோ, படி ஏற மாட்டார். மால்ட்டாவில் துறைமுகம் கீழே, வலெற்றா நகரம் மேலே என்கிறார்கள். அவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவதா?

துறைமுகத்தான்:
விடத் தேவையில்லை தங்கச்சி. துறைமுகப் பக்கம் இருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 2012இல் லிப்ட் வைத்துவிட்டார்கள், கிட்டத்தட்ட 58 மீற்றர் உயரம். மேலே போனால் பெரிய துறைமுகம் முழுக்கக் காலடியில். அக்கரையில் சான்ட் ஆஞ்சலோ கோட்டை (பெயர் ஒன்றுதான், ரோமில் இருப்பது வேறு), 1565இல் துருக்கியர் முற்றுகையைத் தாங்கிய இடம். தோட்டத்துக்குக் கீழே பீரங்கி மேடை. மத்தியானம் பன்னிரண்டுக்கு வெடி போடுவார்கள். அப்பாவுக்கு வாங்கில் ஓர் இடம் பிடித்துக் கொடுங்கள், போதும். ஒன்றைக் கவனியுங்கள்: கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியாக இறங்கிப் போய்ப் பிந்தினால் விட்டுவிட்டுப் போய்விடும். நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்குள் கோட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொச்சிக்கடையான்:
லிப்ட் இருப்பது நல்லதுதான். அதையே நான் இப்படிச் சொல்வேன்: மால்ட்டாவில் மட்டும் ஒரு கிழமை போய் இருங்கள். ஒரே ஹோட்டல், பெட்டி கட்டும் வேலை இல்லை, ஒரு நாள் சான்ட் எல்மோ கோட்டை, மறுநாள் சான்ட் ஆஞ்சலோ, நடுவில் அப்பாவுக்கு ஓய்வு. முழங்கால் நோவுக்காரருக்குக் கப்பலை விட இதுதான் சுகம்.

ஆனைக்கோட்டை அன்ரி:
பெரியம்மா குடும்பத்தோடு கூடியிருக்கத்தானே தம்பி அந்தக் கப்பல்? தனியே மால்ட்டாவில் இருந்து மதிலை எண்ணவா?

தெஹிவளை தங்கச்சி:
அன்ரி, அதுதான் அம்மாவும் சொல்லுறா. கொச்சிக்கடை அண்ணை சொன்ன பின்னேர விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. ரோட்ஸில் கப்பல் இரவு தங்குகிற பயணமும் இருக்கிறதா என்று இன்றிரவு பெரியம்மாவிடம் கேட்கிறேன்.

கொச்சிக்கடையான்:
கேளுங்கள். தங்காவிட்டால் தம்பியிடம் என் வாக்கைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.