ஆடம் மார்ஷின் கடிதங்கள்: அறிஞரா, ஆலோசகரா?

கேள்வி:
வணக்கம். 13-ஆம் நூற்றாண்டில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கன் (புனித பிரான்சிஸ் சபை) துறவியருள் முதன்முதலாக இறையியல் பேராசிரியரான ஆடம் மார்ஷை மெய்யியலாளர் ரோஜர் பேக்கன் பேரறிஞராகப் போற்றினார். ஆனால் இன்று அவர் நூல்களைவிடக் கடிதங்களாலேயே அறியப்படுவது ஏன்?

மறுமொழி 1:
ஏறத்தாழ 250 கடிதங்கள் எஞ்சியுள்ளன. இங்கிலாந்தின் லிங்கன் நகர ஆயர் ராபர்ட் குரோசெடெஸ்ட், செல்வாக்குமிக்க பிரபு சைமன் டி மான்ஃபோர்ட், அவர் மனைவியும் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் தங்கையுமான எலினோர் ஆகியோருக்கு அவர் எழுதியவற்றைப் படித்தால், பலரும் தத்தம் சிக்கல்களுடன் அவரையே நாடினர் என்பது விளங்கும். எலினோரின் கோபத்தையும் ஆடம்பர உடையையும் அவர் கண்டித்த துணிவு என்னை மிகவும் கவர்ந்தது. எலினோர் அரசகுலத்தவர் என்பதற்காக ஆடம் தம் சொல்லை மென்மையாக்கவில்லை.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆயினும் பேராசிரியப் பணியை ஒதுக்கிவிட வேண்டாம். 1253-இல், கலைப்புலத்தில் பட்டம் பெறாத, அங்கே கற்பிக்கவும் செய்யாத, யார்க் நகரத் தாமஸ் என்னும் பிரான்சிஸ்கன் துறவியை இறையியல் ஆசிரியராக்குவது குறித்து வழக்கு எழுந்தது. பல்கலைக்கழகம் தாமஸுக்கு விலக்களித்து, இனிக் கலைப்புலத்தில் கற்பித்த பின்னரே இறையியல் ஆசிரியராகலாம் என விதி வகுத்தபோது, ஆடம் அதற்கு இசைய மறுத்தார். அவ்வழக்கை ஆடமின் கடிதங்களிலிருந்தே நெருக்கமாக அறிகிறோம். அதே ஆண்டில் மறைந்த குரோசெடெஸ்ட் தம் நூல்களை ஆக்ஸ்ஃபோர்டு பிரான்சிஸ்கன் மடத்துக்கே விட்டுச் சென்றதற்கும் ஆடம் மீதான அன்பே காரணம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எலினோருக்கு எழுதியவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.